போர்வெல் தண்ணீரும் பிள்ளைகளின் எலும்பும்

பெங்களூரில் காவிரி இணைப்பு இல்லாத வீட்டுக்கு போர்வெல், இல்லாவிட்டால் டேங்கர். ஆழத்துப் பாறை நீரில் ஃப்ளோரைடு கரைந்திருக்கலாம். கோலார், சிக்கபள்ளாப்பூர், பாவகடா பக்கம் இது பழைய தொல்லை. அளவு மீறினால் ஃப்ளோரைடு எலும்பைக் கெடுக்கும்; எலும்பு மளமளவென்று வளரும் பதின்ம வயதில் கூடுதல் கவனம் தேவை.

1. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். ஃப்ளோரைடைத் தனியாகச் சொல்லாது. பரிசோதனைக் கூடத்தில் ‘ஃப்ளோரைடு’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5. டேங்கர்காரர் மாறினால் மறுபடி சோதனை.

2. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது; நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். கேண்டில் ஃபில்டர், யு.வி. இரண்டும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. குறைக்கும், மெம்பரேனைக் காலத்தில் மாற்றினால். பலர் கோட்டை விடுவது சமையலில்தான்: குடிக்க கேன் தண்ணீர், சோற்றுக்கும் குழம்புக்கும் குழாய்த் தண்ணீர்!

3. கால்சியம் குறைந்த சாப்பாடும் ஃப்ளோரைடும் சேர்ந்தால் சேதம் அதிகம். ஆந்திரத்தில் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து முட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1973-லேயே எழுதினார்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கர்நாடகத்தில் இருந்துகொண்டு ராகி முத்தேயை ஒதுக்கலாமா? கூடவே மோர், கீரை.

4. அதே நிறுவனம் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தது. சிறுநீரில் வெளியேறும் ஃப்ளோரைடு கூடியது. 2002-ல் வந்த ஆய்வு. ரசத்துக்கு நல்ல செய்திதான், ஆனால் நல்ல தண்ணீருக்கு அது ஈடாகாது.

5. அந்த ரசத்தை எதில் வைக்கிறீர்கள்? ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் கலந்த போலியும் விற்கிறது. புளி அதைக் கரைக்கும். உடம்புக்குள் போன காரீயம் எலும்பில் பல வருடம் தங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் எவர்சில்வர் போதும்.

6. தேயிலை ஃப்ளோரைடைச் சேர்த்து வைக்கும் இலை. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் குடிக்கும் கட்டன் டீயைக் குறையுங்கள்.

7. மழைநீரில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. முதல் மழையை வெளியே விட்டு, பிறகு வருவதை வடிகட்டிப் பிடித்து, காய்ச்சிப் பயன்படுத்தலாம்.

8. பல்லில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால், அது சின்ன வயதில் குடித்த தண்ணீரின் அடையாளமாக இருக்கலாம். கூடவே மூட்டு வலி, முதுகு விறைப்பு என்றால் கால்சியம் மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், தண்ணீர்ச் சோதனைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.