ஒரே ரசீதுப் புத்தகம்

“பிரசவத்துக்கு வந்த பொண்ணோட அம்மா நாலு நாள் படுக்க இடம் கேட்டா, இல்லைன்னா சொல்ல முடியும்?” திருவொற்றியூரில் பெண்கள் விடுதி நடத்தும் அந்த அம்மையார் இன்றைக்கும் குரலை உயர்த்தித்தான் கேட்கிறார். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அவர் கொடுத்த அந்தப் படுக்கைகள்தான் பிறகு அவர் தலையில் விடிந்தன.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்ததும் அவர் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம், தாசில்தாரிடம் கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள்: அலைந்தால் கிடைத்துவிடும் என்கிறார். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி தீப்பிடித்து இருவர் இறந்த பிறகு, இதில் யாரும் சாக்குச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

சறுக்கியது கணக்கில். மாதக்கணக்கில் தங்கிய நர்சுகளுக்கும் நாலு நாள் தங்கிய தாய்மார்களுக்கும் ஒரே ரசீதுப் புத்தகம். சேர்ந்த தேதியும் காலி செய்த தேதியும் எதிலும் இல்லை.

நாளுக்கு 1,000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18இல் போனது. வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டியிருந்ததால், “இது லாட்ஜ்தான், மொத்தத்துக்கும் 12 சதவீதம் கட்டிடுங்கம்மா” என்றார் ஆடிட்டர். கட்டினார். பெண்களிடம் கேட்க மனம் வராமல், கைக்காசிலிருந்து.

2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. நடத்துகிறவரின் பக்கத்திலிருந்து பார்க்கக் கூடாது, தங்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது குடியிருப்பு, ஆகவே வரி இல்லை. அந்த ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் எல்லை வகுத்தது: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கினால் விலக்கு. பழைய ஆண்டுகளுக்கும் அது பொருந்தியது. ஆனால் ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதில்லை.

அந்தக் கடைசி நிபந்தனை அவருக்கு இன்னும் ஆறவில்லை. வழக்குப் போட்டவர்கள் தப்பித்தார்கள், சொன்ன பேச்சுக் கேட்டவள் கட்டினாள் என்று பொருமுகிறார். தேதி போட்ட ரசீது இருந்திருந்தால் தானும் எதிர்த்து நின்றிருக்க முடியும் என்று நம்புகிறார். அதில் நியாயம் உண்டு.

விடுதி தொடங்கும் எல்லாருக்கும் அவர் சொல்வது: முதல் கட்டில் போடும் முன்பே இரண்டு புத்தகம் வாங்குங்கள். சேரும்போதே குறைந்தது 90 நாளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஆடிட்டர் ஒரு சொல்லில் தீர்ப்புச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

தாய்மார்களுக்கான படுக்கைகளை அவர் எடுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தத் தினசரி வாடகைக்கு வரி 5 சதவீதம். அதைத் தனிப் புத்தகத்தில் எழுதிக் கட்டிவிடுகிறார்.