நர்சுப் பயிற்சி: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

திருச்செந்தூர் வட்டாரத்தில் பெண்மக்களை நர்சுப் பயிற்சிக்கு அனுப்பப் பெற்றோர் பலர் விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும், விதையின் தரம் பாராது விதைப்பார் உண்டோ?

வாழை பயிரிடும் ஒருவர் தோட்டத்தை ஒத்தி வைத்து மகளை ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்பினார். அவள் பெற்ற சான்றிதழோ பதிவுக்குத் தகுதியற்றது. அதனால் கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்க இயலவில்லை. தோட்டமும் ஒத்தியிலேயே நிற்கிறது.

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசின் வரையறை. அங்குப் பணிபுரியத் துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் பயிற்சி வேண்டும். அது 2 ஆண்டுப் படிப்பு. 17 வயது நிறைவும் 12ஆம் வகுப்புத் தேர்ச்சியும் தேவை. ஆறே மாதத்தில் நர்சு ஆகலாம் என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

சேருமுன் மூன்று கேள்விகள் கேட்க:

1. இந்திய நர்சிங் கவுன்சில் விதித்த பாடத்திட்டந்தானா?
2. முடித்தபின் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்யலாமா?
3. நேர்முகப் பயிற்சி எந்த மருத்துவமனையில்?

விடைகளை எழுத்தில் பெறுக. ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றைக் கிராம சபையில் படித்துக் காட்டினால், இன்னொரு தோட்டம் ஒத்திக்குப் போகாது.