பொறியும் பொருளும்

'பொறி' என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். தீயினின்று தெறிக்கும் துகளும் பொறி. கண், செவி முதலிய ஐந்தும் பொறி. ஆலையில் இயங்கும் எந்திரமும் பொறி. ஒன்றன்மேல் இடப்படும் அடையாளமும் பொறியே. பின்னைய இரண்டும் ஒருங்கே மலிந்த இடம் வடசென்னையாகும். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்வோர் ஆலைகளின் ஒலியைக் கேட்பர். ஆங்காங்கே பீரங்கி, டயரைத் தூக்கி நிற்கும் வீரன் முதலிய உருவங்களையும் காண்பர். இவை வணிகக் குறிகள் எனப்படும். இவை கண்ணுக்கு அழகு செய்வதற்கு மட்டும் தீட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கருத்தை உணர்த்துவது.

பண்டங்களுக்குக் குறியிடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறும் பட்டினப்பாலை, அந்நகரின் துறைமுகத்தில் நடந்த செயலொன்றைக் காட்டுகிறது. கடலிலிருந்து கரைக்கு இறங்கிய பண்டங்கள்மீதும், கரையிலிருந்து கலங்களில் ஏற இருந்த பண்டங்கள்மீதும் சோழனது புலிப்பொறி இடப்பட்டது. அப்பொறியைப் பெற்ற மூட்டை அரசனது காவலுக்கு உட்பட்டதாயிற்று.

எழுத்தை விடுத்து உருவத்தைப் பொறித்தது ஏன்? துறைமுகம் பல மொழியினர் கூடும் இடம். எழுத்து, அம்மொழியைக் கற்றவர்க்கே பயன்படும். புலியோ கண்ணுடையார் யாவர்க்கும் விளங்கும். மூட்டை சுமக்கும் தொழிலாளியும், கடல் கடந்து வந்த வணிகனும் அதனை ஒருங்கே அறிவர். இக்கால வணிகக் குறிகளுக்கும் இதுவே அடிப்படை.

திருவொற்றியூரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் குறி பீரங்கி. இரு சக்கர ஊர்திக்கும் பீரங்கிக்கும் யாது தொடர்பு? இங்கிலாந்து நாட்டு ரெட்டிச் நகரில் மிதிவண்டி செய்த நிறுவனம் ஒன்று, என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகளைச் செய்து கொடுத்தது. அதனால் அவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. துப்பாக்கியின் உறுப்புகள் மயிரிழையும் பிசகாமல் அமைதல் வேண்டும். தன் வண்டியும் அத்தகைய திருத்தமுடையது என உணர்த்தவே, துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்னும் கருத்துடைய முழக்கத்தை 1893-ஆம் ஆண்டில் அது மேற்கொண்டது. எனவே இப்பீரங்கி போரைக் குறிப்பதன்று. வேலைத் திருத்தத்தைக் குறிப்பது. 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. 1970-ஆம் ஆண்டளவில் பிறந்த நாட்டில் அத்தொழில் ஓய்ந்தது. தமிழ்நாட்டிலோ தொடர்ந்து நடந்தது. ஆதலின் அப்பீரங்கிக்கு வாழ்வளித்த பெருமை திருவொற்றியூர்த் தொழிலாளர்க்கு உரியது.

அதே ஊரில் 1946-ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன்கள் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாயிற்று. 1964-ஆம் ஆண்டில் விளம்பரக் கலைஞர் அலிக் பதம்சியின் முயற்சியால் அதற்கு ஒரு வீரனது உருவம் அமைந்தது. லாரி ஓட்டுநர் டயரில் நாடுவது வலிமையே. தோள் திரண்டு, டயரைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கும் அவ்வுருவம் அதனைச் சொல்லின்றியே உணர்த்தியது.

எல்லாக் குறிகளும் பண்டத்தின் தன்மையையே காட்டும் என்பதற்கில்லை. மண்ணெண்ணெய் வணிகத்தில் ஈடுபட்ட மார்க்கஸ் சாமுவேல், 1897-ஆம் ஆண்டில் தம் நிறுவனத்துக்கு 'ஷெல்' எனப் பெயரிட்டார். ஷெல் என்பது சிப்பி. அவருடைய தந்தையார் இலண்டனில் கடற்சிப்பிகளை விற்றவர். விசிறிபோல் விரிந்த சிப்பி 1904-ஆம் ஆண்டில் அதன் குறியாயிற்று. 1928-ஆம் ஆண்டில் தோன்றிய பர்மா ஷெல் வழியே அச்சிப்பி இந்தியாவிலும் அறிமுகமாயிற்று. 1976-ஆம் ஆண்டில் பர்மா ஷெல் நாட்டுடைமை ஆயிற்று. இங்கே சிப்பி குறிப்பது எண்ணெயை அன்று. ஒரு குடும்பத்தின் பழைய தொழிலை.

உருவத்தை நம்பிப் பொருள் கொள்ளும் உலகில், அவ்வுருவத்தைத் திருடுவோரும் உண்டு. எழுத்தறியாத ஓட்டுநர் ஒருவர் குறியைக் கண்டு வாங்கிய டயர் போலியானால், அவர் இழப்பது பணம் மட்டுமன்று. பாரம் ஏற்றிய வண்டி நெடுஞ்சாலையில் விரையும்போது அது வெடிப்பின் உயிரையும் இழக்க நேரும். இதனாலேயே 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், பிறர் குறியைப் பொய்யாக இடுவோர்க்குச் சிறையும் தண்டமும் விதித்துள்ளது.

ஆயினும் சட்டம் போலியைத் தடுக்கலாமேயன்றி, குறிக்குப் பெருமையைத் தருதல் இயலாது. சோழனது புலி மதிக்கப்பட்டது, அது நன்கு வரையப்பட்டமையால் அன்று. அதன்பின் உண்மையான காவல் நின்றமையால். பீரங்கியும் வீரனும் அவ்வாறே. பண்டம் நன்றாயின் குறி வாழும். பண்டம் கெடின் குறி வெறும் கோடாய் நிற்கும். ஒருவர் தாம் செய்த வேலையின்கீழ் இடும் கையெழுத்தும் இத்தகையதொரு பொறியே. அதற்குப் பொருள் தருவது அவ்வேலையின் நேர்மை.