வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே

ஒரு கொத்தனார் ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார். மொத்தக் கூலி 30,000 ரூபாய் என்று பேச்சு. எதையும் எழுதிக்கொள்ளவில்லை. வேலை முடிந்தது. கைக்கு வந்தது 18,000 ரூபாய்தான். மீதிக்கு நடையாய் நடந்தார்.

"பேசியதே அவ்வளவுதான். எழுதி வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

சித்தாள்களுக்குக் கூலி தர வேண்டும். கொத்தனார் கலங்கினார். கற்போர் மையத்து ஆசிரியையிடம் சொன்னார்.

"எழுதாத பேச்சு செல்லாதா, டீச்சர்?"

"செல்லும், அண்ணே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் பேசியதற்குச் சான்று வேண்டும். பேசும்போது யார் இருந்தார்கள்?"

"இரண்டு சித்தாள்கள் இருந்தார்கள். 10,000 ரூபாயை என் வங்கிக் கணக்கில் போட்டார்."

"அவர்கள் சாட்சி. வங்கிக் கணக்குப் புத்தகம் சான்று. முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள்."

கொத்தனார் எழுதினார்:

"ஐயா, வணக்கம். தங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டி முடித்தேன். பேசிய கூலி 30,000 ரூபாய். பெற்றது 18,000 ரூபாய். பாக்கி 12,000 ரூபாய். இதை 15 நாட்களுக்குள் தர வேண்டுகிறேன்."

தேதி போட்டுக் கையெழுத்து இட்டார். நகல் எடுத்தார். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினார்.

பதில் வரவில்லை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தார். வீட்டுக்காரருக்கு அழைப்பு போனது. சாட்சிகளையும் கடித நகலையும் பார்த்த பிறகு அவர் இறங்கி வந்தார். பாக்கியை இரண்டு தவணையில் தர ஒப்புக்கொண்டார். மக்கள் நீதிமன்றத்தில் அது எழுத்தில் பதிவானது.

நினைவில் வையுங்கள்

1. வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். வாய்தா கேட்டே காலம் கடத்துவார்கள். ஏமாறாதீர்கள்.
2. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.
3. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. அதனால் தொகை சரிதானா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து இடுங்கள்.
4. அடுத்த வேலைக்கு முன்பே வேலை, கூலி, முன்பணம், தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். இருவரும் கையெழுத்து இடுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. கொத்தனாரிடம் என்னென்ன சான்றுகள் இருந்தன?
2. உங்களுக்கு யாராவது கூலி பாக்கி தர வேண்டுமா? அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.