வேறு வேறு ஸ்டேஷனில் ஏறினாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்

நம்ம ஜவ்வாது மலையிலிருந்து ரயிலுக்கு இறங்கும் பாதை ஒன்றல்ல. புதூர்நாடு பக்கத்துப் பெண்கள் திருப்பத்தூர் இறங்கி ஜோலார்பேட்டை போகிறார்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் உள்ளவர்கள் ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி வருகிறார்கள். அமிர்தி வழியாக வேலூர் வருகிறவர்களுக்குக் காட்பாடி. சென்னையில் கண்காட்சி, சாமையும் தேனும் புளியும் விற்கப் போகிறோம் என்றால் மூன்று ஸ்டேஷனில் ஏறி, ஆளுக்கொரு பெட்டியில் உட்கார வேண்டியிருக்கு. சரக்கு மூட்டை ஒருத்தரிடம், பணப்பை இன்னொருத்தரிடம், முதல் தடவை ரயில் ஏறும் பொண்ணு தன்னந்தனியா.

இதற்கு நாம் சாதாரணமாகச் செய்வது, 6 பேர் பெயரையும் ஒரே பாரத்தில் எழுதி ஜோலார்பேட்டையிலிருந்து டிக்கெட் எடுப்பது. ஒரு பாரத்தில் 6 பேர் வரை எழுதலாம் என்பது சரிதான். ஆனால் ஒரு டிக்கெட்டுக்கு ஏறும் இடம் ஒன்றுதான். காட்பாடியில் ஏற வேண்டியவர் ஜோலார்பேட்டையில் இல்லை என்றதும் டி.டி.ஆர். "வரவில்லை" என்று குறித்து, அந்த சீட்டை ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். காசு கட்டியும் நின்றுகொண்டு போக வேண்டும். டிக்கெட்டும் முன்னால் ஏறியவர் கையில் இருக்கும். காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

ஆளாளுக்குத் தன் ஊரிலிருந்து டிக்கெட் எடுத்தாலும் சேர்ந்து உட்காருவது கஷ்டம். ஒரே வண்டியிலும் வழியில் உள்ள ஊர்களுக்குத் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. பெட்டியே மாறிப்போகும்.

முன்பதிவு பாரத்தை நன்றாகப் பாருங்க. எங்கிருந்து, எதுவரை என்பதோடு "ஏறும் நிலையம்" என்று தனியாக ஒரு இடம் இருக்கும். நம்மில் பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறோம். மூன்று பாரம் வாங்குங்கள். மூன்றிலும் ஜோலார்பேட்டை முதல் சென்னை வரை என்றே எழுதுங்கள். இரண்டாவது பாரத்தில் ஏறும் நிலையம் வாணியம்பாடி, மூன்றாவதில் காட்பாடி. மூன்றையும் ஒருவரே ஒரே நேரத்தில் கவுண்டரில் கொடுத்து, "ஒரே பெட்டியில் போடுங்க சார்" என்று கேளுங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கட்டணம் போடுவதால் கொஞ்சம் கூடுதலாகும். மூட்டையோடு போகிறவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை என்பது எங்கள் எண்ணம். அந்த வண்டி வாணியம்பாடியில் நிற்குமா என்பதை முதலிலேயே விசாரியுங்கள், எல்லா எக்ஸ்பிரஸும் நிற்பதில்லை.

டிக்கெட் எடுத்த பிறகு ஊர் மாறினால், சார்ட் தயாராகும் முன்பு ஏறும் நிலையத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் அந்த டிக்கெட்டில் உள்ள எல்லோருக்கும் மாறும். அப்புறம் பழைய ஸ்டேஷனில் ஏறக்கூடாது. ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி என்று அபராதம் போடுவார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த இ-டிக்கெட் என்றால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பெயர் உள்ள ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். எல்லோருடைய அட்டையையும் தலைவி பையில் போட்டு வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் பதிவு செய்ய முடியும். கண்காட்சித் தேதி தெரிந்த மாதக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள்.

டெல்லி போன்ற தூரப் பயணத்துக்கு ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று 6 படுக்கை ஒதுக்கீடு உண்டு, வயது வரம்பு கிடையாது. பெண்கள் மட்டும் போகும் குழுவும் கேட்கலாம்.

முன்பதிவு இல்லாத பெட்டியில் இந்த வழி எதுவும் செல்லாது. ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையிலேயே புறப்படுவதால் அங்கு ஏறுபவர்களுக்கு இடம் கிடைக்கும். காட்பாடி சகோதரிக்காகத் துண்டு போட்டு வைத்தால் அது உரிமை ஆகாது, நிற்கிறவர் கேட்டால் சண்டைதான் வரும். முன்னால் ஏறியவர் எந்தப் பெட்டி, எஞ்சினிலிருந்து எத்தனையாவது என்று போனில் சொல்லிவிட்டால் வண்டி நிற்கும் ஒன்றிரண்டு நிமிடத்தில் மூட்டையோடு ஓட வேண்டியதில்லை. வண்டியில் யாராவது தொந்தரவு கொடுத்தால் 139க்கு போன் செய்யுங்கள்.