பச்சை உடம்புக்காரிக்கும் பார்த்துக்கொள்பவர்களுக்கும்

தலைப்பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கும் கண்ணு, இது உனக்கும், உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மா, அக்கா, அண்ணிமாருக்கும் சேர்த்துச் சொல்வது. வயிற்றுக்கட்டு நல்ல வழக்கம். எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

1. கட்டினால் வயிறு வற்றிவிடும் என்று எண்ணாதே. கருப்பை தானாகவே சுருங்கும். பிள்ளை பிறந்த அன்று அது தொப்புள் மட்டத்தில் நிற்கும். நாளுக்கு ஒரு விரல் அகலம் இறங்கி, 2 வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். பழைய அளவுக்கு வர 6 வாரம் ஆகும். பிள்ளை பால் குடிக்கும்போது அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கிறதே, அது கருப்பை சுருங்கும் வலி. கருப்பையைச் சுருக்க உதவுவது தாய்ப்பால் கொடுப்பதுதான். துணிக்கு வேறு வேலை: தளர்ந்த வயிற்றுக்கும் நொந்த இடுப்புக்கும் தாங்கல் கொடுப்பது.

2. புதுத்துணி வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியை நீளவாக்கில் மடித்து, ஒரு சாண் அகலத்துக்கு எடுத்துக்கொள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கு. இடுப்பெலும்பில் தொடங்கிக் கீழிருந்து மேலாகச் சுற்றச் சொல். மேலே இறுக்கிக் கீழே தளர விட்டால் வயிற்றின் அழுத்தமெல்லாம் அடியில் இறங்கும். பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்துபோன தசை அங்கேதான் இருக்கிறது. அது இன்னும் நொந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும், அடியிறக்கமும் வரலாம். கட்டி முடித்ததும் துணிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூச்சை ஆழமாக இழுக்க முடிய வேண்டும். “இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், உனக்கு மூச்சு முட்டினால் அவிழ்த்துவிடு. உடம்பு உன்னுடையது.

3. சாப்பிடும்போது தளர்த்து. இரவில் கட்டு வேண்டாம். வியர்த்த துணியை உடனே மாற்று.

4. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்திருந்தால் மருத்துவர் சரி என்ற பிறகே கட்டு. அப்படிக் கட்டிக்கொண்டால் எழுந்து நடக்கும்போது தையல் இழுக்கும் வலி குறையும். ஆனால் தையல் போட்ட இடத்தில் மஞ்சள் விழுதோ எண்ணெயோ பூசக் கூடாது. வெந்நீரை வயிற்றில் ஓங்கி அடித்து ஊற்றும் வழக்கத்தை நான் யாருக்குமே சொல்ல மாட்டேன். நொச்சி, வேப்பிலை போட்ட வெந்நீர் உடம்பு வலிக்கு இதம். அதை மெதுவாக ஊற்றினால் போதும்.

5. பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, கருப்பட்டி போட்டுக் கிளறிய பிரசவ மருந்து எல்லாம் நல்ல உணவு. சுக்கும் மிளகும் திப்பிலியும் பசியைத் தூண்டும். தவறு எங்கே நடக்கிறதென்றால், “தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும்” என்று அளந்து கொடுக்கும் இடத்தில். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் விழுங்க வேண்டும். லேகியம் சாப்பிடுவதால் அதை நிறுத்திவிடக் கூடாது.

6. பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று சேனை தொட வேண்டாம். சீம்பாலே போதும்.

7. உதிரப்போக்கைக் கவனி. முதல் சில நாள் சிவப்பாகப் போகும், பிறகு பழுப்பாகி, வெளிறி, 4 முதல் 6 வாரத்தில் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சை அளவுக்குக் கட்டி விழுந்தாலோ, காய்ச்சலோடு துர்நாற்றம் வந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தீட்டு என்று தயங்கி ஓர் இரவைக் கடத்தினாலும் உயிருக்கு ஆபத்து.

8. ஓய்வு என்றால் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது இல்லை. அப்படிக் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். அறைக்குள்ளாவது நடக்க வேண்டும். குடம் தூக்குவது, மாவாட்டுவது, துணி அடித்துத் துவைப்பதெல்லாம் மற்றவர்கள் வேலை. கணவனும் அந்த மற்றவர்களில் ஒருவன்.

9. காரணமில்லாமல் அழுகை வரும். முதல் சில நாள் அது இயல்பு. 2 வாரம் தாண்டியும் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், அது நோய். மருத்துவம் உண்டு. “திமிர்” என்று சொல்லி அவளை ஒடுக்காதீர்கள்.

10. ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போகிறீர்கள். அன்றைக்குத் தாயையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறதா, ரத்தம் குறைந்திருக்கிறதா, புண் ஆறிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.