பெட்டியில் டாலஸ் என்றுதானே ஒட்டியிருக்கிறது?

கேள்வி: என் அம்மா முதல்முறையாக அமெரிக்கா போகிறார். சென்னை, தோஹா, சிகாகோ, டாலஸ். பெட்டி நேராக டாலஸ் போய்விடும் என்கிறார்களே, சிகாகோவில் இரண்டு மணி நேரம் போதுமா?

பதில்: போதாது. நான்கு மணி நேரமாவது இருக்கும்படி, ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தோஹாவில் பெட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிகாகோவில்தான் கதை மாறுகிறது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் முடிந்தாக வேண்டும். பெட்டியில் ஒட்டிய சீட்டில் டாலஸ் என்று இருந்தாலும் ஐந்தாவது டெர்மினலில் அம்மாவே பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிறகு சிறு ரயிலேறி உள்நாட்டு டெர்மினல். அங்கே மீண்டும் செக்யூரிட்டி. தோஹாவில் வாங்கிய வாசனைத் திரவியம் 100 மில்லிக்கு மேல் இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அதற்குள் வைத்துவிடச் சொல்லுங்கள்.

கஸ்டம்ஸில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்பதே பதில். பொடியும் முறுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். பச்சைக் கறிவேப்பிலை தப்பாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் தடை. எவ்வளவு ஆசையாகப் பறித்து வைத்திருந்தாலும் வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். தள்ளி வருபவருக்கு வழி தெரியும். நடக்க முடிந்தவர்கள் கேட்கலாமா என்று கூச்சப்படுவார்கள். மூட்டு வலி இருந்தால் தாராளமாகக் கேட்கலாம்.